மக்களோடு இணைந்த காவல் பணியைக் கற்க வெளிநாடு போகும் காவலர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுப் பயிற்சிக்கு வரும் காவல்துறைக் குழுக்களுக்குச் சில ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"கம்யூனிட்டி போலீசிங்னா என்ன? ரோந்து போறதுக்கு இன்னொரு பேரா?"

ரோந்து அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். குற்றம் நடந்தபின் ஓடிப்போய்ப் பிடிப்பது வழக்கமான காவல் பணி. இந்த முறையில் ஒரு காவலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாக ஒப்படைக்கப்படுகிறது. அங்கே யார் தனியாக வசிக்கும் முதியவர், எந்த மூலையில் இருட்டு, எந்த வீட்டில் இரவில் சண்டைச் சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதை முதலில் கவனிப்பது என்பதை அந்தப் பகுதி மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

1829இல் பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் மாநகரக் காவல்துறையை உருவாக்கியதோடு இந்தச் சிந்தனையை இணைத்துப் பேசுவது வழக்கம். இன்றைய வடிவத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. 1979இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், ஒவ்வொரு சம்பவமாகத் துரத்துவதை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப அதே சம்பவத்தைப் பிறப்பிக்கும் சிக்கலைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள் என்று எழுதினார். இந்தப் பயிற்சிகள் பலவற்றின் முதுகெலும்பு அதுதான்.

ஒரு சொல் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இதைச் 'சமூகக் காவல்' என்று பெயர்த்தால், 'சமூகம்' என்பதைச் சாதி என்ற பொருளில் எடுத்துக்கொள்பவர்கள் நம்மில் நிறையப் பேர். இங்கே பேசுவது ஒரு தெருவில், ஒரு பகுதியில் வாழும் எல்லோரையும் பற்றி. அதனால்தான் 'மக்களோடு இணைந்த காவல்' என்று எழுதுகிறேன்.

"இதைக் கத்துக்க வெளிநாடு எதுக்குப் போகணும்? புத்தகத்துல இல்லையா?"

கொள்கை புத்தகத்தில் இருக்கிறது, பழக்கம் இல்லை. ஜப்பானின் 'கோபான்' என்ற சிறு காவல் சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1874இல் டோக்கியோவில் தொடங்கிய ஏற்பாடு அது. இன்று நாடு முழுவதும் சுமார் 6,000 கோபான்கள் இருக்கின்றன. கிராமப்புறத்தில் 'சூசாய்ஷோ' என்று உண்டு. அங்கே காவலர் குடும்பத்தோடு அந்தச் சாவடியிலேயே குடியிருப்பார்.

இந்த விவரத்தைப் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். கோபானில் ஒரு மணி நேரம் நின்றால் வேறொன்று தெரியும். வழி கேட்டு ஒருவர் வருவார். தொலைந்த குடையைத் தேடி இன்னொருவர் வருவார். டோக்கியோவில் பணப்பையைத் தொலைத்தவர் வீடு திரும்ப 1,000 யென் வரை கடன் தரும் ஏற்பாடுகூட உண்டு. ஒரு மணி நேரத்தில் குற்றம் என்று எதுவும் வந்திருக்காது, ஆனால் காவலர் சும்மா இருந்திருக்க மாட்டார். வழி கேட்டு வந்து பழகிய மனிதர்தான் நாளைக்குப் பக்கத்து வீட்டில் ஏதோ சரியில்லை என்று வந்து சொல்வார். பார்த்தபின் இது புரிவதுபோல் படித்துப் புரிவதில்லை.

"பரிமாற்றம்னு சொல்றாங்களே, யார் யாரை அனுப்புறாங்க?"

ஒரே பெயரில் பல வகைகள் ஓடுகின்றன. குழப்பத்துக்குக் காரணமே அதுதான்.

உண்மையான பரிமாற்றம் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் பயிற்சி முகமையான செப்போல் நடத்துவதைச் சொல்லலாம். ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டில் தன்னைப் போன்ற பணியில் இருப்பவரோடு பொதுவாக ஒரு வாரம் வேலை பார்ப்பார். பிறகு அவர் இவருடைய நாட்டுக்கு வரலாம். இரண்டாவது வகையில் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஜப்பானின் வளர்ச்சி உதவி முகமையான ஜைக்கா காவலர்களை வரவழைத்துப் பயிற்சி தருகிறது, நிபுணர்களையும் அனுப்பி ஆண்டுக்கணக்கில் தங்கவைக்கிறது. அமெரிக்கா 1995 முதல் புடாபெஸ்ட், பாங்காக், கபரோனி, சான் சால்வடோர் போன்ற நகரங்களில் பன்னாட்டுச் சட்ட அமலாக்கப் பயிற்சிக் கழகங்களை நடத்திவருகிறது. ஆனால் அங்கே திட்டமிட்ட குற்றம், போதைப்பொருள் போன்றவைதான் முதன்மைப் பாடம். ஐ.நா. அமைதிப் பணிக்கு நாடுகள் அனுப்பும் காவலர்கள் மூன்றாவது வகை. 1960இல் காங்கோவுக்குப் போனதில் தொடங்கிய பணி அது.

இவற்றோடு, காவலர்கள் தாங்களாகவே கட்டிய நட்பு வலையும் ஒன்று உண்டு. ஆர்தர் ட்ரூப் என்ற ஆங்கிலேய சார்ஜன்ட் 1950 ஜனவரி 1 அன்று தொடங்கிய பன்னாட்டுக் காவலர் சங்கம் அது. நட்பின் வழியே சேவை என்பது அதன் முழக்கம். எந்த நாட்டுக்கும் தனிச் சொந்தம் ஆகிவிடக் கூடாதென்று அதை எஸ்பெராண்டோ மொழியில் வைத்தார்கள்.

"இன்டர்போல்தானே இதையெல்லாம் நடத்துது?"

இல்லை. இன்டர்போல் 196 நாடுகளின் காவல்துறைகளுக்கு இடையே தகவல் பரிமாறும் அமைப்பு. பயிற்சிகள் தருகிறது, ஆனால் அவை பெரும்பாலும் எல்லை தாண்டிய குற்றங்கள் பற்றியவை. உங்கள் தெருவில் காவலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் வேலை இல்லை.

"செலவு யாரோடது? அரசாங்கச் செலவுல சுற்றுலாதானே?"

கற்றுக்கொடுக்கும் நாடே பெரும்பாலும் செலவை ஏற்கிறது. வளர்ச்சி உதவி நிதியில் இருந்து பயணம், தங்குமிடம், அன்றாடப் படி எல்லாம் வரும். ஐ.நா. பணி என்றால் ஐ.நா. தங்குபடி தரும்.

சுற்றுலா என்ற குற்றச்சாட்டை நான் தள்ளிவிட மாட்டேன், ஏனென்றால் அப்படிப்பட்ட பயணங்களையும் பார்த்திருக்கிறேன். காலையில் தலைமையகத்தில் திரையில் விளக்கம், நினைவுப் பரிசு, குழுப் படம், மாலையில் ஊர் சுற்றல். ஐந்து நாளும் அப்படியே போகும். வந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அப்படித் திட்டமிட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். அதிகாரியின் அறையில் கழியும் நேரம் எவ்வளவு, காவலரோடு தெருவில் கழியும் நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால் போதும்.

"யாரைத் தேர்ந்தெடுக்கிறாங்க? சாதாரண கான்ஸ்டபிளுக்கு வாய்ப்பு உண்டா?"

ஐ.நா. பணிக்குக் குறைந்தது 5 ஆண்டு காவல் பணி அனுபவம் வேண்டும். அந்தப் பணியிடத்தின் மொழியில் தேர்வும் வண்டி ஓட்டும் தேர்வும் உண்டு. மற்ற திட்டங்களில் அனுப்பும் நாடே பெயர்ப் பட்டியலைத் தருகிறது. அங்கேதான் கோளாறு. மொழி தெரிந்தவர், தலைமையகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர், ஓய்வுபெறப் போகிறவர் என்று பட்டியல் மேலே மேலே போய்விடுகிறது. தெருவில் நடக்கப்போகிற கான்ஸ்டபிளும் அவருக்கு நேர்மேலே இருக்கும் எஸ்.ஐ.யும் விட்டுப்போகிறார்கள்.

மேலதிகாரி வரவே கூடாது என்று சொல்லவில்லை. அவர் நம்பாவிட்டால் கீழே இருப்பவரால் எதையும் செய்ய முடியாது. ஒரே காவல் நிலையத்தின் ஆய்வாளர், எஸ்.ஐ., கான்ஸ்டபிள் மூவரையும் சேர்த்து அனுப்பிய குழு ஒன்றுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். இரவுச் சாப்பாட்டின்போதுகூட 'நம்ம ஸ்டேஷன்ல இதை எப்படிச் செய்யலாம்' என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தக் குழுவிலும் அப்படிக் கேட்டதில்லை.

"போன நாட்டுல அவங்க கைது பண்ணலாமா? துப்பாக்கி வச்சிருக்கலாமா?"

பொதுவாக முடியாது. அவர் அங்கே பார்வையாளர். சட்டப்படி சாதாரண வெளிநாட்டவருக்கு உள்ள அதிகாரம்தான். சீருடை அணியலாமா என்பதற்கே அழைக்கும் நாட்டின் அனுமதி வேண்டும். ரோந்தில் கூடப் போகும்போது ஏதாவது நடந்தால் ஒதுங்கி நிற்கச் சொல்லியே அழைத்துப்போவார்கள்.

விதிவிலக்கு உண்டு. 1999இல் கொசோவோவிலும் கிழக்குத் திமோரிலும் ஐ.நா.வே நிர்வாகத்தை ஏற்றபோது, வெளிநாட்டுக் காவலர்கள் முழுக் காவல் அதிகாரத்தோடு, கைது உட்பட, வேலை பார்த்தார்கள். மிக அரிதாக நடப்பது அது.

"அங்க நடக்குறது வேற நாட்டுல நடக்குமா? ஜப்பான் ஜனங்க வேற, இல்லையா?"

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். சாவடியைக் கட்டுவது சுலபம், அதற்குள் இருக்கும் உறவைக் கட்டுவது கடினம் என்பதை நாடுகள் பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

சிங்கப்பூர் கோபானைப் பார்த்து 1983இல் குடியிருப்புக் காவல் சாவடிகளைத் தொடங்கியது. முதலில் தோ பாயோ பகுதியில். ஆனால் சிறிய சாவடியில் எல்லா வேலையும் முடியவில்லை, மக்களை மறுபடி பெரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1997இலிருந்து பல சேவைகளும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் அக்கம்பக்கக் காவல் மையங்களாக மாற்றினார்கள். இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. வாங்கியதைத் தன் உடம்புக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொண்டார்கள்.

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலம் வேறு கதை. அங்கே சீருடைக் காவல்துறையின் பெயரே இராணுவக் காவல்துறை. 1997இல் தியாதேமா நகரின் ஒரு குடிசைப் பகுதியில் காவலர்கள் மக்களை அடித்ததும் ஒருவரைக் கொன்றதும் ஒளிப்பதிவாகத் தொலைக்காட்சியில் வந்தது. நாடே கொதித்தது. அதன்பின்தான் மக்களோடு இணைந்த முறையைத் துறையின் கொள்கையாக அறிவித்தார்கள். பிறகு ஜப்பானோடு சேர்ந்து, கொலைகளுக்குப் பேர்போன ஜார்டிம் ஆஞ்செலா போன்ற பகுதிகளில் கோபான் வகைச் சாவடிகளை நடத்தினார்கள். 2000க்குப் பிறகு அந்த மாநிலத்தில் கொலைகள் பெரிதும் குறைந்தன. அதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள், எனவே பெருமை முழுவதையும் சாவடிக்குக் கொடுப்பது நேர்மையாகாது.

இந்தோனேசியாவில் காவல்துறை 1999-2000இல்தான் இராணுவத்திலிருந்து பிரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய நிபுணர்கள் பெக்காசி பகுதியில் உடன் தங்கி வேலை பார்த்தார்கள். ஜப்பானியர்போல் ஆவது அங்கே கேள்வியாகவே இருக்கவில்லை. படைவீரராக நினைத்துப் பழகிய ஒருவர் எப்படிக் கதவைத் தட்டிப் பேசுவது என்பதே முதல் பாடம்.

"நிஜமாவே பலன் இருக்கா? ஆதாரம் காட்டுங்க."

இந்த முறையை நேசிப்பவர்களுக்குக் கசப்பான பதில் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் ஒரே காலத்தில் நடத்திய கள ஆய்வின் முடிவு 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சில பகுதிகளில் மக்கள் கூட்டம், நடை ரோந்து, குறைகேட்பு எல்லாம் நடத்தினார்கள். வேறு பகுதிகளைப் பழையபடி விட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது காவல்துறை மேல் மக்களுக்கு நம்பிக்கை கூடவில்லை, குற்றமும் குறையவில்லை.

அந்த ஆய்வு சோதித்தது முறையைத்தான், வெளிநாட்டுப் பயிற்சியை இல்லை. ஆனாலும் பயிற்சி பெற்றுத் திரும்பியவர் செய்யப்போவது இதே வேலை என்பதால் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஆய்வாளர்கள் சொன்ன காரணங்கள் எனக்கு மிகவும் பழக்கமானவை. உயர் அதிகாரிகள் இதற்கு முன்னுரிமை தரவில்லை. ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் நடுவில் இடமாற்றம் ஆனார்கள். மக்கள் கூட்டத்தில் சொன்ன குறையைத் தீர்க்க ஆளும் வண்டியும் பணமும் இல்லை.

"அப்படின்னா எல்லாமே வீண்தானா?"

இல்லை என்றே நம்புகிறேன். ஏன் என்பதை ஒரு சம்பவத்தில் சொல்கிறேன்.

வெளிநாட்டில் ஒரு மாலைக் கூட்டத்துக்குக் குழுவோடு போயிருந்தேன். ஒரு மூதாட்டி எழுந்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து விளக்கு எரியவில்லை, கடைசிப் பேருந்தில் வரும் பேத்தி பயப்படுகிறாள் என்றார். அந்தப் பகுதிக் காவலர் விளக்குக் கம்பத்தின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எங்கள் குழுவில் ஒரு எஸ்.ஐ. என் காதில், "இது நகராட்சி வேலையாச்சே, இவர் ஏன் எழுதுறார்?" என்றார். மொழிபெயர்த்துக் கேட்டேன். அந்தக் காவலர் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். முந்தைய கூட்டங்களில் வந்த குறைகள், யாரிடம் சொன்னார், என்றைக்குத் தீர்ந்தது, அதைக் குறை சொன்னவரிடம் நேரில் போய் என்றைக்குத் தெரிவித்தார் என்று பக்கத்தை நெடுக்காகப் பிரித்த நான்கு பத்திகள். கடைசிப் பத்தியில் விரலை வைத்து, "இது காலியா இருந்தா அடுத்த கூட்டத்துக்கு அவங்க வரமாட்டாங்க" என்றார்.

எஸ்.ஐ. அன்றிரவே தன் நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டார். ஊர் திரும்பி ஐந்து வாரத்தில் அவரை முக்கியப் பிரமுகர் பாதுகாப்புக்கு மாற்றிவிட்டார்கள். நோட்டு அப்படியே நின்றுபோனது. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. அவர் கற்றுக்கொண்டது வீணில்லை, அதைப் பயன்படுத்த இடம் தராததுதான் வீண். பயிற்சிக்கு அனுப்பும் உத்தரவிலேயே 'திரும்பியபின் இரண்டாண்டு இதே பகுதியில்' என்று ஒரு வரி சேர்த்தால், எத்தனையோ வகுப்புகள் செய்யாததை அது செய்யும்.

"பல நாட்டுக்காரங்க வந்து கத்துக்கொடுத்தா இன்னும் நல்லதுதானே?"

கிழக்குத் திமோரின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. 1999க்குப் பின் புதிதாக உருவான காவல்துறைக்குப் பற்பல நாட்டு ஐ.நா. காவலர்கள் பயிற்சி தந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கத்தைச் சொன்னார்கள். போன மாதம் வந்தவர் ஒருவிதமாகச் சொன்னதை இந்த மாதம் வந்தவர் வேறுவிதமாகச் சொல்வார். கற்பவர் எதைப் பிடித்துக்கொள்வது?

பின்னாளில் நியூசிலாந்து போன்ற ஒரு சில நாடுகள் தொடர்ந்து உடனிருந்து உதவியதும், ஒவ்வொரு 'சூக்கு'வுக்கும், அதாவது கிராமத்துக்கும், ஒரு காவலர் என்று பொறுப்புக் கொடுத்ததும் வேறு மாதிரி வேலை செய்தன. ஊர்த்தலைவரும் காவலரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக அது வழி செய்தது.

"மக்கள்கிட்ட தகவல் கறக்க இது ஒரு தந்திரம்தானே?"

நியாயமான பயம். ஜப்பானில் கோபான் காவலர்கள் வீடு வீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று அட்டையில் எழுதித் தரக் கேட்பார்கள். தருவதும் தராததும் அவரவர் விருப்பம். நிலநடுக்கத்தில் இடிந்த வீட்டுக்குள் எத்தனை பேர் என்று தெரிய இது உதவும். இதே அட்டை, மக்களை எதிரிகளாகப் பார்க்கும் ஒரு துறையின் கையில் கிடைத்தால் கண்காணிப்புப் பட்டியலாகிவிடும்.

உகாண்டாவில் 2016 தேர்தலுக்கு முன், மக்களோடு இணைந்த காவல் என்ற பெயரில் 'குற்றத் தடுப்பாளர்கள்' ஏராளமாகச் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் ஆளுங்கட்சிக்காக மக்களை மிரட்டியதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. ஆகவே பயிற்சித் திட்டத்தில் தகவல் சேர்ப்பது பற்றிய பாடம் இருந்தால், அதை எவ்வளவு காலம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம், எப்போது அழிப்பது என்ற பாடமும் இருந்தாக வேண்டும்.

"சித்திரவதை செய்யுற போலீசுக்கும் பயிற்சி கொடுக்குறாங்களே, அது சரியா?"

இதில் இரண்டு பக்கமும் வலு உண்டு. மோசமான துறைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை என்பார்கள். பயிற்சி என்ற பெயர் அந்தத் துறைக்கு நற்சான்றிதழ் ஆகிவிடும் என்பார்கள் மறுபக்கத்தார்.

வரலாறு இரண்டாவது பயத்தை நிரூபித்திருக்கிறது. அமெரிக்காவின் பொதுப் பாதுகாப்பு அலுவலகம் பல நாட்டுக் காவல்துறைகளுக்குப் பயிற்சி தந்தது. அப்படிப் பயிற்சி பெற்ற துறைகளின் சித்திரவதைகள் வெளியே வந்தபின் 1974இல் அதை மூடினார்கள். வெளிநாட்டுக் காவல் பயிற்சிக்கே சட்டத் தடை வந்தது. பின்னர் விலக்குகள் கொடுத்தே 1986இல் மறுபடி தொடங்கினார்கள். 1997இல் வந்த லீஹி சட்டத்தின்படி, கடும் உரிமை மீறல் செய்ததாக நம்பத்தக்க தகவல் உள்ள பிரிவுக்கு உதவி தரக் கூடாது. ஸ்காட்லாந்து காவல்துறை பல ஆண்டுகள் இலங்கைக் காவல்துறைக்குப் பயிற்சி அளித்தது. உரிமை அமைப்புகளும் தமிழர் தரப்பும் தொடர்ந்து எதிர்த்தபின், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று 2021இல் அறிவித்தது.

என் கருத்து இது. மக்களை அடித்தவர்மேல் அந்த நாட்டிலேயே விசாரணை நடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால், பணிவாகக் கதவைத் தட்டக் கற்றுக்கொடுப்பதால் ஆவது ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவர் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்.

"பணக்கார நாடுதான் கத்துக்கொடுக்கணுமா?"

அப்படி ஒரு விதியும் இல்லை. மேலே சொன்ன சாவோ பாவ்லோ காவல்துறையே பிறகு ஜப்பானோடு சேர்ந்து குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் காவலர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அவர்களுக்கு ஜப்பானியரைவிட பிரேசில்காரரின் பேச்சு சட்டென்று பிடிபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆயுதக் கும்பல், குடிசைப் பகுதி, காவலரைக் கண்டாலே கதவடைக்கும் மக்கள் என்று எல்லாம் பொதுவானவை.

கற்கும் பக்கத்தில் பணக்கார நாடும் உட்கார்ந்திருக்கிறது. வட அயர்லாந்துக் காவல்துறையை மாற்றியமைக்க 1999இல் பேட்டன் ஆணையம் பரிந்துரை தந்தபோது, மக்களோடு சேர்ந்து காவல் செய்வதே துறையின் மையப் பணி என்றது. 2001இல் துறை புதுப் பெயரோடு தொடங்கியது. சீர்திருத்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க முதலில் வந்தவர் ஒரு முன்னாள் அமெரிக்கக் காவல் அதிகாரி.

"திரும்பி வந்தவர் உண்மையிலேயே கத்துக்கிட்டாரான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?"

சான்றிதழையும் அறிக்கையையும் வைத்துத் தெரியாது. பயிற்சி முடிந்த அன்று நிரப்பும் கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்றே எழுதுவார்கள், நானே நூற்றுக்கணக்கில் மொழிபெயர்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து அவர் பகுதிக்குப் போங்கள். முதலில் அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், தெருவில் ஐந்தாறு பேரிடம் அவர் பெயரைக் கேளுங்கள். பதவியைச் சொல்கிறார்களா, பெயரைச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். கடைசியாக அவரிடம் என்ன குறை சொன்னீர்கள், பதில் வந்ததா என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேட்பது முக்கியம், ஆண்கள் கூடவே நின்றால் வேறு பதில்தான் கிடைக்கும். பிறகு அவருடைய குறிப்பேட்டை வாங்கி, கடைசிப் பத்தி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.